ஏழாம் அறையின் ஒரு நிமிடம்

ஏழாவது நிறுத்தத்தில் தங்கை சிரித்தாள்.

அங்கே சிரிக்க ஒன்றும் இல்லை. கேட்கவே ஒன்றும் இல்லை. கப்பலில் வரவேண்டிய படைப்பு வந்து சேராததால் கலைக்கூடத்தின் ஏழாம் அறை காலியாகக் கிடந்தது. எண்களை மாற்றினால் மற்ற பதிவுகளெல்லாம் இடம் மாறிவிடும். அதனால் ஒலி வழிகாட்டியில் அந்த எண்ணுக்கு நாற்பது நொடி வெறும் அமைதியைப் போட்டு, அதன் முடிவில் ஒரே ஒரு வாக்கியத்தை அக்காவான அவள் சேர்த்திருந்தாள். 'வலது பக்கம் திரும்புங்கள். அடுத்த அறைக்குப் பதினான்கு அடி.' இதைக் கேட்டு யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அவள் ஆறாம் அறையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி நின்றாள். பின்னால் வரக் கூடாது என்று காலையில் தங்கை கையை நீட்டிச் சத்தியம் வாங்கியிருந்தாள். சத்தியம் செய்துகொடுத்துவிட்டு, வெறுங்காலோடு இருபது அடி தள்ளியே அவள் தொடர்ந்து வந்திருந்தாள். வாசல் வழியாகத் தங்கையின் முதுகும் வெள்ளைச் சுவரின் ஒரு பகுதியும் மட்டும் தெரிந்தன. தங்கையின் இடது காதில் ஹெட்போன். வலது காது அறையைக் கேட்பதற்காகத் திறந்திருந்தது. பிடித்த பாடத்தைக் கேட்கும் மாணவிபோலத் தலையைச் சாய்த்து நின்றாள்.

நாற்பது நொடி கடந்தது. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடம். இரண்டு. பிறகு தங்கை வலது கையைத் தோள் உயரத்துக்கு நீட்டினாள். விரல்கள் காற்றில் ஓர் இடத்தில் நின்றன. அங்கிருந்து மெதுவாகக் கீழே இறங்கின. மறுபடி சிரிப்பு, இந்த முறை மூக்கு வழியாக, சத்தமில்லாமல். அதன் பிறகுதான் வலது பக்கம் திரும்பி, எட்டாம் அறையை நோக்கி ஒவ்வோர் அடியாக எண்ணிக்கொண்டு நடந்தாள்.

வாரத்தில் கலைக்கூடம் மூடியிருக்கும் ஒரே நாள் அது. வியாழக்கிழமை பார்வையில்லாதவர்கள் முப்பது பேர் முதல்முறையாக வரப்போகிறார்கள். அவர்களுக்கான விவரணையை எழுதியவள் அவள். படிக்க வந்த தொழில்முறைக் குரல்காரர் பாதியில் நின்றுபோனதால் குரலும் அவளுடையதே. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கக் கூசுபவள், பதிவு அறையின் கண்ணாடிக்குள் மட்டும் நன்றாகப் பேசினாள். தூரங்களையெல்லாம் தங்கையின் காலடி எட்டை வைத்து அளந்திருந்தாள். தங்கையின் எட்டு அவளுடையதில் முக்கால்.

தங்கைக்குப் பதினொரு வயதில் பார்வை போனது. இப்போது பத்தொன்பது. வீட்டையும் வீட்டுத் தெருவையும் விட்டால் கோலோ துணையோ இல்லாமல் அவள் எங்கும் நடந்ததில்லை. அக்காவின் குரலுக்கு மட்டும் கோலை மடித்து வைத்தாள். நாலு அடி என்று குரல் சொன்னால் நாலு அடி. சந்தேகமே இல்லாமல், கையை முன்னால் நீட்டாமல். மூன்று வார ஒத்திகையில் அதைப் பார்க்கும்போதெல்லாம் அக்கா எண்களை மறுபடி சரிபார்த்தாள். எண்ணிக்கையில் ஒரு தவறு போதும், நெற்றி சுவர் விளிம்பில்.

*

முன்கூடத்து பெஞ்சில் தங்கை காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் காவலாளி வாங்கிவந்து கொடுத்த தேநீர்.

"ஒரு இடத்துலகூட முட்டல. எண்ணிப் பார்த்துக்கோ, ஒரு இடத்துலகூட!"

"பெரிய ஆளுதான் குட்டி."

"நீ பின்னாடியே வந்த."

"நானா? இல்லையே."

"ஆறாவது ரூம்ல உன் முட்டி 'டக்'குனு சொடுக்குச்சு. இந்த வயசுலயே கிழவி ஆயிட்ட. சத்தியத்தை மீறினதுக்கு இன்னிக்கு நீதான் பாத்திரம் கழுவற."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

"ஏழாவதுல ஏன் சிரிச்ச?"

"நீ சொன்னதுக்குத்தான். கடைசி ஆளு செருப்பைக் கால் மாத்திப் போட்டிருக்கான், நூறு வருஷமா அவனுக்கே தெரியலைன்னு. மத்த ரூம்லயெல்லாம் கொஞ்சம் டீச்சர் மாதிரி பேசறக்கா. கோவிச்சுக்காதே. அதுல மட்டும் என்கிட்ட பேசற மாதிரியே இருந்துது. பதினோரு பேரையும் ஒருத்தர் விடாம எவ்வளவு அழகா சொன்ன!"

முன்கூடத்தின் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.

"பதினோரு பேரு," என்றாள் அவள்.

"பதினோரு சிலை. ஏன், தப்பா எண்ணிட்டேனா?" தங்கை தேநீரை ஊதினாள். "தொட்டுப் பார்க்கலாம்னு நீ சொன்னதும் ஒண்ணை மட்டும் தொட்டேன். சட்டையில தோள்கிட்ட தையல் பிரிஞ்சிருக்கு. அதுவரைக்கும் பார்த்துப் பார்த்துப் பண்ணியிருக்காங்க. உள்ள ஹீட்டர் ஏதாவது வெச்சிருக்காங்களா? உடம்பு மாதிரியே வெதுவெதுன்னு இருந்துது."

அந்த அறையில் ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்தாள். எட்டு வருஷத்தில் அப்படி ஒரு முகத்தை அவள் பார்த்ததில்லை.

"அந்தக் கருவியைக் கொஞ்சம் குடேன். ஒண்ணு சரி பார்க்கணும்."

தங்கை கழுத்தில் தொங்கிய கருவியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். "ஊகூம். அதை இன்னொரு தடவை கேக்கணும்."

"டீயைக் குடி. இங்கேயே இரு, எங்கயும் போகாதே. பத்து நிமிஷத்துல வந்துடறேன்."

போகும் வழியில் ஏழாம் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். வெள்ளைச் சுவர்கள், சிமெண்டுத் தரை, மேலே வரிசையாக எரியும் விளக்குகள். படைப்பை மாட்டுவதற்காகச் சுவரில் துளைத்த நாலு ஓட்டைகள். நிழல்கூட இல்லாத வெளிச்சம். ஓர் ஊசி விழுந்து கிடந்தாலும் தெரியும். சுவரின் புதுப் பெயின்ட் வாசனை அடித்தது. அதற்கு அடியில், மெலிதாக, கொஞ்சம் பொறுத்துத்தான் மூக்குக்கு எட்டியது வேறொன்று. ஜன்னல் சாத்திய மழைநாள் பேருந்தில் வருமே, துணியும் வியர்வையும் தலைமுடியும் கலந்த வாசனை, அது.

அவள் உள்ளே காலை வைக்கவில்லை.

*

ஒலிப்பதிவாளர் பருத்த மனிதர். பேச்சுக்குப் பேச்சு கிண்டல் செய்வார். அவரிடம் மட்டும்தான் அந்த அலுவலகத்தில் அவள் கூச்சமில்லாமல் பேசுவாள். ஏழாம் நிறுத்தத்தின் மூலப்பதிவைக் கணினியில் திறந்து, ஒலியை முழுவதும் ஏற்றி, இரண்டு முறை கேட்டார். திரையில் ஒல்லியான ஒரு கோடு ஆடாமல் அசையாமல் ஓடியது. பிறகு அவளுடைய குரல்: வலது பக்கம் திரும்புங்கள்.

"ஒரு ஈ எறும்புகூட இல்லம்மா."

அவள் தயங்கித் தயங்கி நடந்ததைச் சொன்னாள். அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

"தங்கச்சி உன்னை நல்லா ஓட்டறா. பின்னாடியே போனேல்ல, அதுக்குப் பழி வாங்கறா."

இருக்கலாம். அப்படியே இருக்கட்டும் என்று அவள் விரும்பினாள். "மூணு நிமிஷத்துக்கு மேல நின்னா, அண்ணா."

"நடிக்கறதுன்னு வந்துட்டா ஒழுங்கா நடிக்க வேண்டாமா? அதை விடு. இந்த ஏழாம் ரூம் டோன் இருக்கு பாரு, அது சொக்கத் தங்கம். அதைத்தான் எல்லாத்துக்கும் அடியில போட்டிருக்கேன்."

"எல்லாத்துக்குமா?"

ஒவ்வோர் அறைக்கும் ஓர் அமைதி உண்டு. குரலை வெட்டி ஒட்டும்போது வாக்கியங்களுக்கு இடையில் ஓட்டை விழும்; அந்த ஓட்டையில் ஒன்றுமே இல்லையென்றால் காது உடனே கண்டுபிடித்துவிடும். அதனால் ஆளில்லாத அறையில் ஒரு நிமிடம் அசையாமல் நின்று, அந்த அறையின் அமைதியையே பதிந்துவந்து அடியில் விரிக்க வேண்டும்; அதைத்தான் அவர் டோன் என்கிறார். முப்பத்திரண்டு நிறுத்தங்களுக்கும் தனித்தனியாக அவள்தான் பதிந்து கொடுத்திருந்தாள்.

"மத்ததுல பாதியில லிஃப்ட் சத்தம், மீதியில ஏசி முனகல். இது மட்டும் சுத்தம். ஒண்ணையே எடுத்து முப்பத்திரண்டுக்கும் விரிச்சுட்டேன். வேலை மிச்சம், யாருக்குத் தெரியப்போகுது?"

அவளுக்கு அந்த ஒரு நிமிடம் நினைவுக்கு வந்தது. பதிவுக் கருவியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். பரீட்சைக் கூடத்தில் வினாத்தாள் கொடுப்பதற்கு முன்பு ஓர் அமைதி இருக்கும். ஆள் இல்லாததால் வரும் அமைதி அல்ல அது. எல்லோரும் பேசாமல் இருப்பதால் வருவது. அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. கண்ணைத் திறக்க வேண்டாம் என்று தோன்றியதும், திறந்தபோது அறை வெறுமையாக இருந்ததும், அப்பாடா என்று வெளியே வந்ததும் நினைவுக்கு வந்தன.

அந்த நிமிடம் மூன்று வாரமாகத் தங்கையின் காதில் இருக்கிறது. அவளுடைய ஒவ்வொரு வார்த்தைக்கும் அடியில்.

ஒலிப்பதிவாளர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது.

"ஆனா ஒண்ணு. அவ்வளவு பெரிய வெத்து ரூம், சிமெண்டுத் தரை. இவ்வளவு சுத்தமா இருக்கக் கூடாதே. கணீர்னுல்ல இருக்கணும்?" எழுந்தார். "வா, ஒரு தட்டு தட்டிப் பார்த்துடுவோம்."

*

ஆறாம் அறையின் நடுவில் நின்று அவர் ஒரு முறை கையைத் தட்டினார். சத்தம் சுவருக்குச் சுவர் மோதி, மேலே ஏறி, தேய்ந்து அடங்க இரண்டு நொடி ஆனது. அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

ஏழாம் அறையின் வாசலைத் தாண்டி நாலு அடி உள்ளே போய்த் தட்டினார்.

டப். அவ்வளவுதான். தலையணையைத் தட்டியதுபோல.

"அட," என்றார். "ஹவுஸ்ஃபுல்."

"என்ன?"

"காலித் தியேட்டர்ல கைதட்டினா ஊரே அதிரும். அதே தியேட்டர்ல ஆள் நிறைஞ்சுதுன்னா தட்டின சத்தம் தட்டின இடத்துலயே அமுங்கிடும். உடம்பு, துணி, எல்லாம் சத்தத்தைக் குடிச்சுடும்." காலியான அறையைப் பார்த்துக் கையை வீசினார். "ஏம்ப்பா, படம் முடிஞ்சுது, எல்லாரும் கிளம்புங்கப்பா!"

அவள் சிரிக்கவில்லை. வாசலுக்கு உட்புறம், அறையின் வெப்பத்தைக் காட்டும் சிறிய கருவி சுவரில் இருந்தது. கலைக்கூடம் முழுவதும் இருபதில்தான் இருக்க வேண்டும். படைப்புகளுக்காக அப்படி ஒரு விதி. இங்கே இருபத்தெட்டு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருபத்தெட்டரை ஆனது.

அவர் இரண்டாவது முறை தட்டினார். முன்னைவிடக் குறைவாகக் கேட்டது.

மூன்றாவது முறை இரண்டு உள்ளங்கைகளும் மோதுவதை அவள் பார்த்தாள். கேட்கவில்லை.

அவர் கைகளையே பார்த்தார். கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். எதன்மீதும் பட்டுவிடக் கூடாது என்பதுபோல உடம்பைக் குறுக்கிக்கொண்டு, ஓரடி ஓரடியாகப் பின்னால் வந்தார். வாசலைத் தாண்டிய பிறகுதான் அவர் மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டது.

"வாம்மா, போலாம்."

"அண்ணா, என்ன அது?"

"தெரியல." முதல்முறையாக அவர் குரலில் கிண்டல் இல்லை. "அந்த டோனை எல்லாக் கருவியிலேர்ந்தும் எடுத்துடறேன். தனியா எடுக்க முடியாது. உன் குரலோட சேர்த்து மொத்தத்தையும் அழிக்கணும். கம்ப்யூட்டர்லேர்ந்தே அழிச்சுடலாம், பத்து நிமிஷம். அதுவரைக்கும் தங்கச்சி காதுல அது இருக்கக் கூடாது. ஓடு."

*

அலுவலகக் குறுக்குவழியாக ஓடிவந்தபோது பெஞ்சில் யாரும் இல்லை.

பாதி குடித்த தேநீர் இருந்தது. பக்கத்தில் மடித்த வெள்ளைக் கோல்.

"எங்க அவ?"

காவலாளி வெளிக்கதவின் அருகே எழுந்து நின்றார். "நீங்கதான கூப்பிட்டீங்க மேடம்? ஹெட்போன்ல அக்கா கூப்பிடறா, என்னவோ விட்டுப்போச்சாம்னு சொல்லிட்டு எந்திரிச்சாங்க. நான் கோலை எடுத்துக் குடுத்தேன். வேணாம், அக்கா வந்துட்டான்னுட்டாங்க."

"யாரு வந்தா?"

"யாரும் வரலையே. சும்மா விளையாடறாங்கன்னு நினைச்சேன். இப்படிக் கையை வெச்சுக்கிட்டு நடந்தாங்க."

அவர் செய்து காட்டினார். வலது கையை இடுப்புக்குச் சற்று மேலே தூக்கி, விரல்களை வளைத்து. அவளுக்கு அது தெரியும். பார்வையில்லாதவரை அழைத்துப் போகும்போது நாம் அவர் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. அவர் நம் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு, அரை அடி பின்னால் வருவார். எட்டு வருஷமாகத் தங்கை அப்படித்தான் அவளோடு நடக்கிறாள்.

அவள் ஓடினாள்.

முதல் அறை. கூரையிலிருந்து தொங்கும் ஆயிரம் கம்பிகள், அவள் ஓடிய காற்றில் ஒன்றையொன்று உரசிச் சிணுங்கின. இரண்டாம் அறையில் குவித்த நாற்காலிகள். மூன்றாம் அறை இருட்டு; உருகும் பனிக்கட்டியின் படம் ஒன்று சுவரில் ஓடிக்கொண்டிருந்தது; சொட்டுச் சத்தம் நாலு மூலையிலிருந்தும் வந்தது. இருட்டில் வழி தெரியாமல் தோளை இடித்துக்கொண்டாள். ஆறு அடி, இடது பக்கம், மூன்று அடி என்று அவள் எழுதிய எண்களே மனதில் ஓடின. அவளுடைய எட்டுக்கு அவை பொருந்தவில்லை.

நான்கு. ஐந்து.

செருப்பு எங்கோ கழன்றது.

ஆறாம் அறையில் கால் வைத்ததும் கைபேசி அதிர்ந்தது. ஒலிப்பதிவாளர்.

"அழிச்சாச்சும்மா. எல்லாக் கருவியும் காலி. இனிமே அதுல உன் குரல்கூட இல்ல. தங்கச்சி கிடைச்சுட்டாளா?"

கைபேசியைக் காதிலிருந்து எடுத்தாள். வாசல் வழியாகத் தங்கை தெரிந்தாள்.

வெள்ளை அறையின் நடுவில் நின்றிருந்தாள். கழுத்தில் தொங்கிய கருவியின் பச்சை விளக்கு அணைந்திருந்தது. காதில் ஹெட்போன். தலை சாய்ந்திருந்தது.

"ம்," என்றாள் தங்கை. "ம். அப்புறம்?"

கேட்டுக்கொண்டிருந்தாள்.

வலது கை இடுப்புக்குச் சற்று மேலே எதையோ பிடித்திருந்தது. விரல்கள் வெறுமனே வளைந்திருக்கவில்லை. நுனிகள் தட்டையாகி வெளுத்திருந்தன, ஒரு கையை அழுத்திப் பிடித்தால் வெளுப்பதுபோல.

"குட்டி!"

கத்தினாள். வாழ்க்கையில் அவ்வளவு உரக்க அவள் கத்தியதில்லை. தொண்டை கிழிந்தது. சத்தம் உதட்டுக்கு முன்னாலேயே அமுங்கி விழுந்தது.

தங்கை தலையைக் கொஞ்சம் திருப்பினாள். தூரத்தில் யாரோ கூப்பிட்டதுபோல. பிறகு மறுபடியும் சாய்த்துக்கொண்டாள்.

அவள் உள்ளே ஓடினாள்.

ஓரடி. இரண்டடி. மூன்றாவது அடியில் தோள் துணியில் உரசியது.

துணி. துணிக்குப் பின்னால் சூடு.

முன்னால் ஒன்றும் இல்லை. வெளிச்சம். வெள்ளைச் சுவர். நாலு ஓட்டைகள். இடது தோளில் ஒரு தோள். வலது தோளில் ஒரு தோள். பின்வாங்கப் பார்த்தாள். முதுகில் ஒரு நெஞ்சு. யாரும் தள்ளவில்லை. யாரும் பிடிக்கவில்லை. வெறுமனே இடம் இல்லை. நெரிசலில் கை மாட்டிக்கொள்வதுபோல அவளுடைய கைகள் விலாவோடு மாட்டிக்கொண்டன. கைபேசி நழுவியது. அது தரையில் விழுந்து திரை உடைந்ததைப் பார்த்தாள். சத்தம் வரவில்லை.

மூச்சுச் சத்தமும் இல்லை. யாருடையதும்.

தங்கையின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"இது குள்ளம். காலையில தொட்டது இது இல்ல." இடது கை காற்றில் ஓர் உயரத்தில் நின்று, தடவி, விலகியது. வலது கை பிடியை விடவில்லை. அரை அடி முன்னால் எதுவோ தங்கையை நடத்திக்கொண்டிருந்தது. "இது பொம்பளை. தலைமுடி எவ்வளவு நீளம்! ஒன்பது. இவர் தாடிக்காரர். பத்து."

குட்டி, என்றாள் அவள். குட்டி. குட்டி.

"பதினொண்ணு. அவ்வளவுதானே?"

தங்கை நின்றாள். காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள்.

"இன்னொண்ணா? காலையில சொல்லவே இல்லையேக்கா. இப்பதான் கொண்டுவந்து வெச்சாங்களா?"

நேராக வந்தாள். சரியாக நாலு அடி. கையை நீட்டித் தேடவே இல்லை. அக்காவின் முகத்துக்கு நேராக வந்து நின்று, இடது கையை உயர்த்தினாள். தேநீர் வாசனை அடிக்கும் விரல்கள் நெற்றியில் பட்டன. புருவத்துக்கு இறங்கின. புருவத்தில் இருந்த சின்னத் தழும்பில் நின்றன.

தங்கையின் முகம் மலர்ந்தது.

"அக்கா!" என்றாள்.

தனக்குப் பக்கத்தில், காற்றைப் பார்த்துத் திரும்பிச் சொன்னாள்.

"அக்கா, இது உன்னை மாதிரியே இருக்கு. தழும்புகூட அதே இடத்துல. நீயே போய் நின்னு மாடல் குடுத்தியா? சொல்லவே இல்ல, திருடி."

விரல்கள் கன்னத்துக்கு வந்தன.

"ஈரமா இருக்கே. இதை மட்டும் ஏன் அழ வெச்சிருக்காங்க?"

நான்தான். நான்தான்டி. குட்டி, நான்தான்.

விரல்கள் வாய்க்கு வந்து, சட்டென்று நின்றன.

"ஐயோ, உதடு அசையுது! உள்ள மோட்டார் இருக்கா?"

தங்கை ஆசையாக, இரண்டு விரலை அந்த உதடுகளின் மேல் வைத்தபடி, பதிலுக்காகத் தலையைச் சாய்த்தாள். பதில் நீளமாக இருந்திருக்க வேண்டும். கேட்கக் கேட்கத் தங்கையின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. முகத்தில் ஒரு சின்ன வருத்தம் வந்தது, யாரோ தெரியாதவர்களுக்காக வருவதுபோல.

"பாவம்," என்றாள். "சரி. அப்ப இனிமே தொடல."

விரல்களைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். வலது கையின் பிடியைச் சரிசெய்துகொண்டாள். அரை அடி பின்னால், எதையும் முட்டாமல், வலது பக்கம் திரும்பி நடந்தாள்.

அவளால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. முதுகுக்குப் பின்னால் காலடிகள் தூரம் போவது கேட்டது. ஒரே சீராக, ஒன்றோடு ஒன்று ஒத்து, இரண்டு பேருடையவை.